சிஸ்டர் சாப்பிடறாங்க

விழுப்புரத்தில் மூன்றே நாளில் தலைமைப் பண்பைக் கற்றுத் தந்துவிடலாம் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். புதிய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வகுப்பு. கீழே யாருக்கோ வளைகாப்பு. மேலே நாற்பது பேர்: நர்ஸ்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், இரண்டு மூன்று மருந்தாளுநர்கள். பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் இத்தனை மணி நேரம் மேற்கொண்டு படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும், அதற்காக வந்தவர்கள். தலைவராக வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர் அதில் ஒருத்தர் இருந்திருந்தால் ஆச்சரியம். மதியச் சாப்பாட்டில் வடை உண்டா என்று விசாரித்தவர்கள்தான் நிறைய.

குணமதி வடையை விசாரிக்கவில்லை. சாப்பாட்டைப் பற்றி யாரிடமும் எதுவும் பேசுவதை அவள் நிறுத்தி ஒன்றேகால் வருஷம் ஆகிறது.

நாற்பத்தேழு வயது. திண்டிவனத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் தாய்சேய் மருத்துவமனையில், பிள்ளை பெற்றவர்களைக் கிடத்தும் வார்டுக்கு அவள்தான் இன்சார்ஜ் சிஸ்டர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். செஞ்சிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண். கணவர் மல்லிநாதன் நெல்லும், மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்கிற வேர்க்கடலையும் வாங்கி விற்கிறவர். மகள் ஸ்ரீநிதி கல்லூரியில். வீட்டில் நிம்மதி, வார்டில் மரியாதை, அவளுக்கு என்ன குறை என்றுதான் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்?

இரண்டாம் நாள் மதியம் பயிற்சியாளர் ஆரோக்கியராஜ் எல்லாரையும் எட்டெட்டுப் பேராகப் பிரித்து உட்கார வைத்தார். அவரும் இருபது வருஷம் வார்டில் நின்ற நர்ஸ்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துகிற ஆள் இல்லை. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இதில் இருப்பது நிஜமாகவே நடந்தது, பெயர்களை மட்டும் எடுத்துவிட்டோம் என்றார். தாளைப் படித்துவிட்டு ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். கிடைக்கிற ஒவ்வொரு பதிலையும் பிடித்து இன்னொரு ஏன். ஐந்தாவது ஏனில் காரணம் வந்துவிடும் என்றார்.

“ஆளப் புடிக்காதீங்க. காரணத்தப் புடிங்க. ஆளப் புடிக்கறது சுலபம், அதுக்குத் தலைவர் தேவையில்ல, போலீசு போதும்” என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

குணமதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஒரு சிறுநகர மருத்துவமனை. இருபத்து நான்கு வயதுத் தாய், இரண்டாவது பிரசவம், சுகப்பிரசவம். மாலை 5.25க்கு இரத்தப்போக்கு அதிகமாக இருப்பதைப் பணியிலிருந்த செவிலியர் ‘அ’ கண்டார். பொறுப்புச் செவிலியருக்கு 5.43க்குத் தெரிவித்தார். பதினெட்டு நிமிடத் தாமதத்துக்குக் காரணம் தெரியவில்லை. மேல்சிகிச்சைக்குக் கொண்டு செல்லும் வழியில் தாய் இறந்தார். செவிலியர் ‘அ’ பணிநீக்கம் செய்யப்பட்டார்.

காரணம் தெரியவில்லையாம். காரணம் அங்கேதான், மூன்றாவது மேசையில், பச்சைக் கரைப் புடவையில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நயினார் வீடுகளில் பொழுதோடு சாப்பிட்டுவிடுவார்கள். சூரியன் இறங்கிவிட்டால் மறுநாள் அது மறுபடி வரும்வரை அன்னம் கிடையாது. குணமதி பிறந்ததிலிருந்து அப்படித்தான். கட்டாயம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. பல் தேய்ப்பதைப் போல ஒரு பழக்கம். மதிய ஷிப்ட் இரண்டிலிருந்து ஒன்பது வரை. ஐந்தேகால் ஆனதும் டப்பாவை எடுத்துக்கொண்டு துணி அடுக்கும் அறைக்குப் போவாள். அதன் சன்னலுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி. தொட்டிச் சுவரில் வெயில் ஏறிக்கொண்டே போகும். மேல் விளிம்பை விட்டு வெயில் கழன்றதும் டப்பாவை மூடிவிடுவாள், உள்ளே பாதி மீந்திருந்தாலும் சரி.

இதை வார்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அந்த ஒரு நாள் வரைக்கும். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலை, இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் ஒரு குழந்தைக்குப் பால் புரையேறிவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஓடினாள். குழந்தை பிழைத்தது. திரும்பி வந்தபோது தொட்டியில் வெயில் இல்லை. அன்றைக்குப் பார்த்து நைட் டியூட்டி நர்ஸ் வரவில்லை, இரவும் இவளே பார்த்தாள். விடிகாலையில் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மயங்கி விழப் போனவளைத் தாங்கிப் பிடித்தது அஸ்வினி.

அஸ்வினி பிரம்மதேசத்துப் பெண். அப்போது இருபத்து மூன்று வயது, ஒப்பந்த நர்ஸ். கை சுத்தம், வாய் குறைவு. குணமதியை உட்கார வைத்து, அவசரமாக டீயை ஆற்றிக் கொண்டுவந்தவள், இன்னும் சூரியன் வரவில்லை என்று அவள் தலையசைத்ததும் டம்ளரைப் பிடித்தபடி சன்னலோரம் போய் நின்றாள். கிழக்கே வெளிச்சம் தட்டியதும் ஓடிவந்து, “வந்துடுச்சி சிஸ்டர், குடிங்க” என்றாள். அன்றிலிருந்து வார்டில் ஒரு சட்டம் உண்டானது. குணமதி போட்ட சட்டம் இல்லை, அஸ்வினி போட்டது. சிஸ்டர் சாப்பிடும்போது யாரும் கூப்பிடக் கூடாது. டாக்டரிடமிருந்து போன் வந்தாலும், நோயாளியின் சொந்தக்காரர்கள் வந்தாலும், ஆயா அஞ்சம்மாள் சாவி கேட்டாலும், அஸ்வினி உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிடுவாள்: சிஸ்டர் சாப்பிடறாங்க.

அட, அப்படியெல்லாம் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு என்று குணமதி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. தாய் வீட்டை விட்டு வந்த பிறகு, தான் சாப்பிடுவதை ஒருத்தர் காவல் காத்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் அவள் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். இங்கே இருபது நிமிஷம் ராணி. அந்த ருசி டப்பாவில் இருந்த துவையலில் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை மாதம். அனந்தபுரத்திலிருந்து வந்த அங்காளேஸ்வரி மூன்றே முக்காலுக்குப் பெண் குழந்தை பெற்று, ஐந்து மணிக்கு முன்பே வார்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் பூவரசன் மல்லாட்டை போடுகிற விவசாயி. முதல் பிரசவத்துக்கு வந்தபோது நர்ஸ்களுக்கென்று ஒரு பை நிறைய மல்லாட்டை கொண்டுவந்து கொடுத்தவன். ஐந்து இருபத்தைந்துக்கு அஸ்வினி சுற்றி வந்தபோது ரத்தம் வழக்கத்தை விட அதிகமாகப் போயிருந்தது. வயிற்றை அழுத்தித் தேய்த்தாள், டிரிப்பைக் கூட்டினாள். நின்றுவிடும் போலத்தான் இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் சின்ன நர்ஸ்கள் டாக்டரை நேராகக் கூப்பிட முடியாது; கூப்பிட்டால் உங்க இன்சார்ஜ் எங்கே என்று முதலில் வசவு விழும். இன்சார்ஜோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தொட்டியில் இன்னும் வெயில் இருந்தது.

ஐந்து நாற்பத்து மூன்றுக்குத்தான் அஸ்வினி கதவைத் தட்டினாள். குணமதி ஓடிப்போய்ப் பார்த்தபோது பிரஷர் கீழே போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் செய்தார்கள். டாக்டர் வந்தார், ரத்தம் ஏற்றினார்கள், ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், குணமதியே கூடப் போனாள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் அங்காளேஸ்வரி போய்விட்டாள்.

விசாரணை நடந்தது. அறக்கட்டளைச் செயலாளர் வெங்கடாசலமும் வெளியிலிருந்து வந்த இரண்டு டாக்டர்களும் மேசைக்கு அந்தப் பக்கம், குணமதியும் அஸ்வினியும் இந்தப் பக்கம். அந்தப் பதினெட்டு நிமிஷம் என்ன செய்தாய் என்று அஸ்வினியைக் கேட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன், நின்றுவிடும் என்று நினைத்தேன் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றார்கள். பேசவில்லை. குணமதியைக் கேட்டார்கள்: உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரியும்? ஐந்து நாற்பத்து மூன்று. அப்போது எங்கே இருந்தீர்கள்? உள் அறையில். அவ்வளவுதான் கேட்டார்கள், அவ்வளவுதான் சொன்னாள். அதில் ஒரு சொல் பொய் இல்லை. அஞ்சம்மாளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் ஆயாவை யார் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்? அஸ்வினியை அந்த வாரமே நீக்கினார்கள். அவள் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவு பிரியம் அந்தப் பெண்ணுக்குத் தன் மேல் என்று நினைத்து நினைத்து குணமதி அழுதாள். அன்றிலிருந்து மாலைச் சாப்பாட்டை விட்டாள். டப்பாவே கொண்டுபோவதில்லை. இன்னும் ஒன்று இருந்தது. அதை அவள் தனக்குள்ளே கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

கல்யாண மண்டபத்து மாடியில், மூன்றாவது மேசையில், ஏழு பேர் செவிலியர் ‘அ’வைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வருகிற பெண்களுக்கு எங்கே அக்கறை என்றார் ஒருத்தர். போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்றார் இன்னொருத்தர். பயந்தாங்கொள்ளி என்று ஒரு மருந்தாளுநர் தீர்ப்புச் சொன்னார். தாய் ஏன் இறந்தாள்? ரத்தம் போனது. ஏன் போனது? வைத்தியம் தாமதம். ஏன் தாமதம்? நர்ஸ் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அலட்சியம். நான்கு ஏனில் அவர்களுக்கு வேலை முடிந்துவிட்டது. ஐந்தாவது இடத்தைக் காலியாக விட்டு, சர்வீஸில் பெரியவர் நீங்கள்தான், நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் என்று சார்ட்டையும் ஸ்கெட்ச் பேனாவையும் குணமதி கையில் திணித்தார்கள்.

அவள் முன்னால் போய் நின்றாள். நான்கு பதிலையும் படித்தாள். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதே சிஸ்டர் என்றார் ஆரோக்கியராஜ், சாதாரணமாகத்தான். கீழே வளைகாப்புக்காரர்கள் பாட்டுப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்துவிடலாம், எங்களுக்குத் தெரியவில்லை சார் என்று சொன்னால் யாரும் தலையை வாங்கப் போவதில்லை. 

“அலட்சியம் இல்ல சார்” என்றாள். “நான் சாப்டுக்கினு இருந்தேன். பொழுது எறங்கிட்டா நான் சாப்பிட மாட்டேன். அதனால என்னிய யாரும் கூப்பிட மாட்டாங்க. அந்தப் பொண்ணு என்னியப் பட்டினி போடக் கூடாதுன்னு நின்னுட்டுது.”

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

“அது ஒரு வாட்டி கதவு வரைக்கும் வந்துது சார். முகத்தப் பாத்தேன். ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது. அவசரம்னா சொல்லட்டுமேன்னு அடுத்த வாய எடுத்தேன். அது திரும்பிப் போயிடுச்சி.”

யாரோ ஒருத்தர் கைதட்ட ஆரம்பித்தார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். இதுதான் தலைமை, இப்படி ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று கண்டாச்சிபுரத்துச் செவிலியர் வந்து கட்டிக்கொண்டார். இவ்வளவு நேரம் செவிலியர் ‘அ’வை அலட்சியக்காரி என்றவர்கள் அவர்கள்தான். நல்லவர்கள்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பெண் செத்து, ஒரு பெண் வேலையிழந்த கதைக்கு மூன்றாவதாக ஒருத்திக்குக் கைதட்டல் கிடைத்தது என்றால் அது என்ன நியாயம்? குணமதிக்கு அந்தச் சத்தத்தில் உடம்பு கூசியது.

ஆரோக்கியராஜ் மட்டும் தட்டவில்லை. கூட்டம் அடங்கியதும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குதுங்க?”

குணமதிக்குத் தெரியவில்லை. ஒன்றேகால் வருஷமாக அவளுக்காகப் பட்டினி கிடந்தவளுக்கு அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் எல்லாரும் ஓட்டுப் போட்டு அவளைச் சிறந்த பங்கேற்பாளர் என்று தேர்ந்தெடுத்தார்கள். தங்க நிற எழுத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாங்கிப் பைக்குள் மடித்துச் செருகிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினாள். வழியில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வந்தபோது எப்போதும் போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் இரண்டு பக்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, செயலாளர் வெங்கடாசலத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கதவு வரைக்கும் வந்த முகத்தையும் எழுதியிருந்தாள். அவர் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, நீங்கள் நல்லவர் சிஸ்டர், ஆனால் மூடின ஃபைலைத் திறந்தால் ஆஸ்பத்திரிப் பெயர் என்னாவது, அந்தக் குடும்பமும் விதி என்று ஏற்றுக்கொண்டு போய்விட்டார்களே என்றார். கடிதத்தை டிராயருக்குள் வைத்தார். அந்தச் சான்றிதழைக் கொடுங்கள், பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம் என்றார். நர்சிங் கவுன்சிலுக்கும் ஒரு நகல் ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டேன் என்று குணமதி சொன்னதும் அவர் முகம் மாறியது. அதற்குப் பிறகு அவர் சிஸ்டர் என்று கூப்பிடவில்லை, குணமதி என்றார்.

அஸ்வினி இருக்கும் இடத்தைச் சொன்னது ஆயா அஞ்சம்மாள்தான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முன்னே எங்கே வேலை செய்தாய், ஏன் விட்டாய் என்று கேட்கிறார்களாம். பொண்ணு பார்க்க வந்தவர்களும் அதையே கேட்டுவிட்டுப் போனார்களாம். “பேஜாராப் போச்சி அது பொழப்பு. பொம்மையார்பாளையத்துல ஏதோ கெஸ்ட் ஹவுசுல இருக்குது. பெட்ஷீட்டு விரிக்குது” என்று சொல்லிவிட்டு அஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பாள் போல.

ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் குணமதி போய்ச் சேர்ந்தாள். கடலை ஒட்டி ஆறே அறை உள்ள விடுதி. கீழ் அறையில் அஸ்வினி கட்டிலுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு மூலையையும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மடிப்பதைப் போலவே முக்கோணமாக மடித்து உள்ளே செருகினாள். விடுதிக்கு வருகிறவனுக்கு அந்த மடிப்பு எதற்கு? கை பழகிவிட்டது, மறக்கவில்லை. குணமதி அதைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

வாங்க சிஸ்டர் என்றாள் அஸ்வினி. ஆச்சரியப்படவில்லை. இளைத்திருந்தாள். அலுவலக அறையில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அதற்கு மேற்கே பார்த்த சன்னல். குணமதி கடிதத்தின் நகலை நீட்டினாள். அஸ்வினி நின்றபடியே படித்தாள். இரண்டாவது பக்கத்தில் ஓர் இடத்தில் கண் நின்றது. பிறகு மடித்து வருகைப் பதிவேட்டுக்கு அடியில் வைத்தாள்.

“நீங்க பாத்தீங்கன்னு எனக்கும் தெரியும் சிஸ்டர்.”

அப்படியிருந்தும் என்னை நீ காட்டிக்கொடுக்கவில்லையே என்று குணமதி ஆரம்பித்தாள். அஸ்வினி அவளை முடிக்க விடவில்லை.

“காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு இல்ல சிஸ்டர். நான் சொன்னா மாட்டி உடறாப்ல ஆவும். நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். விசாரண ரூம்ல உங்க மூஞ்சையே பாத்துக்கினு இருந்தேன். வெளிய போவச் சொல்ற வரைக்கும் பாத்துக்கினு இருந்தேன்.”

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் குணமதி தாங்கியிருப்பாள். பிரியம் என்று நினைத்து இத்தனை நாள் போற்றி வைத்திருந்தது பிரியம் இல்லை, காத்திருந்தது. அவள் வாய் திறப்பதற்காக ஒரு பெண் கடைசி வரை காத்திருந்திருக்கிறாள். அவளோ மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறேன், மறுபடி வேலை கிடைக்கும் என்றாள் குணமதி. அஸ்வினி தலையசைத்தாள், சம்மதம் என்றும் இல்லை மறுப்பு என்றும் இல்லை. அவள் பதிவும் இந்தச் சித்திரையோடு முடிகிறதாம். புதுப்பிக்க வகுப்பு மணிக்கணக்கு காட்ட வேண்டும். “நீங்க போயிட்டு வந்த மாதிரி வகுப்புக்கெல்லாம் ஆஸ்பத்திரிதானே அனுப்பும். கெஸ்ட் ஹவுசு அனுப்புமா சிஸ்டர்?” என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதைப் போலக் கேட்டாள். பிறகு அங்காளேஸ்வரியின் குழந்தை நடக்கிறதாம் என்றாள். யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை.

பேசிக்கொண்டிருந்தவளின் கண் தானாகச் சன்னலுக்குப் போனது. சவுக்குத் தோப்புக்கு மேல் வெயில் சரிந்திருந்தது.

“பொழுது எறங்கப் போவுது. சாப்டீங்களா?”

“சாயங்காலம் சாப்பிடறத உட்டுட்டேன்மா. அன்னிலேருந்து.”

அப்போதுதான் அஸ்வினிக்குக் கோபம் வந்தது. முகம் சிவந்துவிட்டது.

“எதுக்கு? நீங்க பட்டினி கெடந்தா யாருக்கு இன்னா சிஸ்டர் வரும்? அங்காளேஸ்வரிக்கு வருமா, எனக்கு வருமா? உங்களப் பட்டினி போடக் கூடாதுன்னுதானே அன்னிக்கு நின்னேன். அதயும் ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீங்களே.”

விடுதி அடுப்பில் மீன் வேகிறது, அது உங்களுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து தான் கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து தட்டில் வைத்தாள். கேப்பை அடை, மல்லாட்டைத் துவையல். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஜல்தி சாப்டுங்க என்று சொல்லிவிட்டு, வாசலுக்கும் தட்டுக்கும் நடுவில், சன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

குணமதி அடையைப் பிட்டாள். ஒன்றேகால் வருஷத்துக்குப் பிறகு மாலை வெயிலில் ஒரு வாய். தண்ணீர் குடித்து அதை இறக்கினாள். மன்னிப்பு என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தும்விட்டாள். இன்னொரு வாய் பிட்டாள்.

வாசலில் யாரோ வந்து நின்றார்கள். மாடி அறையில் தங்கியிருந்தவர், தோளில் துண்டோடு. குழாயில் ஏதோ என்று ஆரம்பித்தார். அஸ்வினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“ஒரு நிமிஷம் இருங்க. சிஸ்டர் சாப்பிடறாங்க.”

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. உயர்த்திய கை அப்படியே நின்றது. குணமதி பிட்ட துண்டைத் தட்டில் வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

“நீ போம்மா. நான் அப்பறம் சாப்பிடறேன்” என்றாள் குணமதி. அவளுக்கு அப்புறம் என்று ஒன்று கிடையாது என்பது அஸ்வினிக்குத் தெரியும். தோப்புக்குப் பின்னால் வெயில் போய்விட்டிருந்தது. அஸ்வினி சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். விசாரணையில் அழாதவள், வேலை போனபோது அழாதவள், இப்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வந்தவர் ஒன்றும் புரியாமல் வாசலிலேயே நின்றார். குணமதி கையைக் கூடக் கழுவாமல் எழுந்துபோய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரைக் கேட்டாள்.